மறுமை இல்லை என்றால் இந்த வாழ்வு வீணா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் முப்பத்துச் சொச்சம் வயதுக்காரர். போன ஆண்டு அவருடைய அப்பா தவறிவிட்டார். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்தது, மண்டாயில் தகனம், கடலில் அஸ்தி கரைத்தது, பதினாறாம் நாள் காரியம் என்று எல்லாவற்றையும் மூத்த மகனாக நின்று செய்திருக்கிறார். செய்துகொண்டிருக்கும்போதே ஆன்மா, மேலுலகம், மறுபிறவி எதையும் தன்னால் நம்ப முடியவில்லை என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறார். செத்தால் எல்லாம் முடிந்தது என்றால் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும்? முதல் ஆண்டுத் திதி வருகிறது, அம்மா கொடுக்கச் சொல்கிறார், நம்பாதவன் கொடுக்கலாமா? ஆறு வயது மகள் "தாத்தா இப்போ எங்கே இருக்காங்க?" என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன சொல்வது?

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில்: வீண் இல்லை. மறுமை இல்லாவிட்டாலும் வாழ்வுக்குப் பொருள் உண்டு. ஆனால் மறுமையை விட்டுவிடும்போது உண்மையாகவே கைவிட்டுப் போகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. அவற்றையும் சொல்கிறேன். நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது அந்திமகாலப் பராமரிப்பில் இருப்பவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தொண்டூழியராக இருக்கிறேன். இங்கே எழுதுவதில் பாதி படித்தது, பாதி அந்தக் கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

உங்கள் எழுத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. நம்பிக்கை போனதால் நம் மரபுக்கே அந்நியமாகிவிட்டதாக நினைக்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களில் ஒருவன் பூதவாதி, அதாவது எல்லாம் ஐம்பூதங்களால் ஆனவைதான் என்பவன். இந்தப் பிறப்பும் இதில் கிடைக்கும் பயனும்தான் உண்டு, மறுமையில் வினைப்பயனை அனுபவிப்பது என்பது பொய் என்று அவன் நேராகச் சொல்கிறான். அது பௌத்தக் காப்பியம், அதனால் மணிமேகலை அவனை மறுக்கிறாள். உன் அப்பா அம்மா யார் என்பதையே அனுமானத்தால்தானே அறிகிறாய் என்று கேட்கிறாள். நல்ல கேள்விதான். ஆனால் அவனும் அந்தச் சபையில் இருக்கிறான், அவன் வாதத்துக்கும் காப்பியத்தில் இடம் இருக்கிறது. இன்றைய சிங்கப்பூரிலும் நீங்கள் தனி ஆள் இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 17 விழுக்காட்டினர் எந்தச் சமயத்தையும் சாராதவர்களாகத் தங்களைக் குறிப்பிட்டார்கள். 2020இல் அது 20 விழுக்காடு. இந்தியர்களிடையே இது குறைவு என்பதால்தான் நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுப்பதே கஷ்டமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். "மறுமை இல்லையென்றால் நல்லது செய்வதற்கு என்ன காரணம்?" என்ற கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. நல்லதைச் செய்வது ஒரு முதலீடு, பலன் பின்னால் வரவேண்டும், வராவிட்டால் நஷ்டம் என்ற எண்ணம். இதை ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவர் எடுத்து உடைத்திருக்கிறார். ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றி உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு:

"இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும்
அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்"

இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைபேசும் வியாபாரி இல்லை இவன் என்கிறார். அப்படியானால் எதற்காகக் கொடுக்கிறான்? சான்றோர் போன வழி இது, அதனால் அவன் கையும் அந்த வழியில் போகிறது. அவ்வளவுதான் காரணம். மறுமை உண்டா இல்லையா என்ற வழக்குக்கே புலவர் போகவில்லை. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதை வைத்துக் கணக்குப் போடுவது கொடுப்பவனுக்கு அழகில்லை என்பதுதான் பேச்சு. திருக்குறளிலும் ஈகை அதிகாரத்தில் "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்று வருகிறது. திருக்குறள் மறுபிறவியை ஏற்றுப் பேசும் நூல்தான், அதை நான் ஒளிக்கவில்லை. அப்படிப்பட்ட நூலே, மேலுலகம் இல்லாமல் போனாலும் ஈகை ஈகையாகவே நிற்கும் என்று சொல்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறார் கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளோடு பகை வந்து, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிந்தவன் அவன். அந்த நிலையில் அவன் பாடியதாக உள்ள பாட்டு புறநானூற்றில் 214ஆவது. நல்லது செய்வோமா வேண்டாமா என்று ஐயம் தீராமல் நிற்பவர்களைப் பார்த்துப் பேசுகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையைப் பெறவும் கூடும், குறும்பூழ் (காடை) பிடிக்கப் போனவன் வெறுங்கையோடு வரவும் கூடும், அதனால் உயர்ந்ததையே நாடு என்கிறான். அப்புறம் வரிசையாக அடுக்குகிறான். வினைக்குப் பலன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அந்த உலகம் இல்லையென்றால், மறுபடி பிறக்காமல் இருப்பதும் கூடும். பிறப்பே இல்லையென்றாலும், இமயச் சிகரம் போலப் புகழை நட்டுவிட்டுப் பழியில்லாத உடம்போடு மாய்வது மிகப் பெரிது. சாவை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், மேலுலகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று இரண்டையும் வைத்துப் பார்க்கிறான், எப்படிப் போனாலும் நல்லது செய்தவனுக்கு நஷ்டமில்லை என்று முடிக்கிறான். புத்தர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்ன உரையிலும் ஏறக்குறைய இதே கட்டுமானம் இருக்கிறது: மறு உலகம் உண்டென்றால் நல்ல கதி கிடைக்கும், இல்லையென்றால் இந்த வாழ்விலேயே பகையில்லாமல் நிம்மதியாக இருப்பேன்.

கோப்பெருஞ்சோழன் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் நான் அவனோடு நிற்கவில்லை. புகழ். மறுமையை விட்டவர்கள் பலர் அந்த இடத்தில் புகழை வைத்துவிடுகிறார்கள், 'நான் போனாலும் என் பெயர் நிற்கும்' என்று. அரசனுக்கு அது சரிப்படலாம். உங்களுக்கும் எனக்கும் அது சரிப்படாது, இந்தத் தீவில் வாழ்பவர்களுக்கு அது கண்கூடு. பிடாடாரி இடுகாடு 1907இல் திறக்கப்பட்டு 1972இல் மூடப்பட்டது. 2001க்கும் 2006க்கும் இடையில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். சில நடுகற்களை மட்டும் நினைவுத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் எழுந்து, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இப்போது புதைப்பதற்குத் திறந்திருக்கும் சுவா சூ காங் இடுகாட்டிலும் 1998இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகள்தான். நிலமில்லாத நாடு, வேறு வழியில்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் கல்லில் நிற்பதால்தான் வாழ்வுக்குப் பொருள் என்று சொன்னால், இங்கே பெரும்பாலோருடைய வாழ்வு 15 ஆண்டில் பொருளிழந்துவிடும். மூன்று தலைமுறைக்கு முன்னால் இருந்த உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. அவர் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையின் வழியில் வந்தவர் நீங்கள். பெயர் போய்விட்டது, செய்த காரியம் போகவில்லை.

"அதுவும் ஒருநாள் போய்விடும், சூரியனே அணைந்துவிடும், அப்போது எல்லாம் ஒன்றுமில்லைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு 1971இல் தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் எளிமையான ஒரு பதில் சொன்னார். பத்து லட்சம் ஆண்டு கழித்து நாம் இன்று செய்வது எதுவும் பொருட்டாகாது என்று வைத்துக்கொண்டால், அதே நியாயப்படி, பத்து லட்சம் ஆண்டு கழித்து அது பொருட்டாகாது என்பதும் இன்று நமக்குப் பொருட்டில்லை. கேட்கும்போது வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும். மெதுவாக யோசித்துப் பாருங்கள். கடைசி மாதங்களில் நீங்கள் அப்பாவுக்கு முதுகில் புண் வராமல் இருக்கத் திருப்பிப் படுக்க வைத்திருப்பீர்கள். அந்த இரவில் அவருக்கு வலி குறைந்தது. அந்த நன்மை அந்த இரவிலேயே நிறைவாகிவிட்டது. அதற்குச் சாட்சி சொல்ல எதிர்காலம் வர வேண்டியதில்லை. மாறாக, அந்த இரவில் அது வீண் என்றால், அதையே முடிவில்லாத காலத்துக்கு நீட்டினாலும் வீண் வீணாகவேதான் இருக்கும். கால நீளம் பொருளை உண்டாக்குவதில்லை. மறுமையை நம்புகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: அங்கே போய் என்றென்றும் இருப்பது எதற்காக? அதற்கு அவர்கள் சொல்லும் பதில் அன்பு, இறைவனோடு இருத்தல், அமைதி என்பதாக இருக்கும். நீளம் என்று யாரும் பதில் சொல்வதில்லை.

சாமுவேல் ஷெஃப்லர் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் ஒரு கற்பனைச் சோதனை வைத்தார். நீங்கள் நிறைவாக வாழ்ந்து உங்கள் முறைப்படி வயதாகி இறப்பீர்கள், ஆனால் நீங்கள் இறந்து 30 நாளில் பூமி அழிந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் இன்று எப்படி வாழ்வீர்கள்? புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர் தேடிக்கொண்டிருப்பாரா? நான் வகுப்பில் இலக்கணம் நடத்துவேனா? நீங்கள் மகளுக்குக் கல்விக்காகச் சேமிப்பீர்களா? பலருக்குக் கையில் இருக்கும் வேலை விழுந்துவிடும். இத்தனைக்கும் நம் ஆயுள் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு: நாம் செய்வதற்குப் பொருள் இருப்பதற்கு, நாம் சாவுக்குப் பிறகு இருந்தாக வேண்டும் என்பதில்லை. நமக்குப் பிறகு மற்றவர்கள் இருக்க வேண்டும். நம்மையறியாமல் நாம் நம்பியிருப்பது அதைத்தான்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர் அவர்தான். கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கமாட்டார்கள். தங்கள் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள் என்ற உறுதியும் இருந்திருக்காது. இன்று இந்த நாட்டில் ஒருவர் தமிழை உயர்கல்வி வரை படிக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள். சாரங்கபாணி போன்றவர்கள் முன்னெடுத்த தமிழர் சீர்திருத்த அலைக்கு இங்கே வேகம் கொடுத்தது 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தது. ஆன்மா, மோட்சம், நரகம், மறுபிறப்பு எல்லாவற்றையும் வெளிப்படையாக மறுத்தவர் அவர். 94 வயதில், 1973 டிசம்பர் 19ஆம் தேதி சென்னையில் கடைசியாக மேடையில் பேசினார், 24ஆம் தேதி இறந்தார். அவருடைய கருத்துகளில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது வேறு பேச்சு. மறுமை இல்லையென்று நம்பியவருக்கு உழைக்கக் காரணம் இல்லாமல் போகும் என்ற வாதம் அவர் முன்னால் நிற்காது.

இப்போது இழப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, மறுபடி பார்ப்பது. உங்கள் அப்பாவை இனி எங்கேயும் பார்க்க முடியாது. நம்புகிறவருக்கு இது ஒரு பிரிவு, நமக்கு இது முடிவு. இதற்கு ஈடாக எந்தத் தத்துவத்தையும் என்னால் தர முடியாது. 'நினைவில் வாழ்கிறார்' என்று சொல்வார்கள். நினைவில் இருப்பது நம்முடைய நினைவு, அவர் இல்லை. எபிக்யூரஸ் என்ற கிரேக்கர், நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார். தன் சாவைப் பற்றிப் பயப்படுகிறவருக்கு அது கொஞ்சம் உதவும். அப்பாவை இழந்தவருக்கு உதவாது. அழுகை வந்தால் அழுங்கள். அந்த வலி, பொருள் இல்லாத வாழ்வின் அடையாளம் இல்லை. பொருள் இருந்ததால்தான் வலிக்கிறது.

இரண்டாவது, நீதி. எனக்கு இதுதான் அதிகமாக உறுத்துவது. கடன் வாங்கி இங்கே வந்து, கட்டுமானத் தளத்தில் விழுந்து இருபத்துச் சொச்சம் வயதில் இறந்துபோகும் ஓர் ஊழியரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எங்கேயாவது கணக்கு நேர் செய்யப்படும் என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய ஆறுதல்! மறுமை இல்லையென்றால் அந்தக் கணக்கு நேராவதே இல்லை. இழப்பீட்டுப் பணம் குடும்பத்துக்குப் போய்ச் சேரலாம், அவருக்கு எதுவும் போய்ச் சேராது. இதை ஏற்றுக்கொண்டவருக்கு ஒரு பாரம் கூடுகிறது. மேலே ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாததால், பாதுகாப்புக் கயிறு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இங்கே, இப்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. நம்புகிறவர்கள் பார்ப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. நம்பாதவருக்குத் தட்டிக்கழிக்க இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த 'இப்போதே' என்பதைப் பற்றி நான் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சாமி, பூதம் எதுவும் நம்பாதவர். ஊரில் தம்பியோடு வயல் தகராறு, பேச்சே இல்லாமல் பல காலம். நோய் முற்றிய பிறகு ஒருநாள் என்னிடம் தொலைபேசியைக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு எப்படி அனுப்புவது என்று கேட்டார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்: வயலை நீயே வைத்துக்கொள், எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மாவுக்குக் கடைசியில் நீதான் பார்த்தாய், நான் வரவில்லை. தம்பி அன்று இரவே கூப்பிட்டிருக்கிறார். மறுமுறை போனபோது, சின்ன வயதில் இரண்டு பேரும் குளத்தில் மீன் பிடித்த கதையை என்னிடம் விடாமல் சொன்னார். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்டேன். "அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா அங்க பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன். எனக்கு இது ஒண்ணுதான்" என்றார். நம்பிக்கையோடு இறந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு மறுமை உண்மையான துணையாக இருந்தது, அதை நான் ஒருபோதும் அசைத்துப் பார்க்க மாட்டேன். ஆனால் கடைசி வாரங்களில் அவர்களும் இவர்களும் பேசுவது பெரும்பாலும் ஒரே விஷயங்களைத்தான். மனைவியை யார் பார்த்துக்கொள்வார்கள், மகள் கோபம் தணிந்துவிட்டதா, யாருக்கு நன்றி சொல்லாமல் விட்டோம்.

சமயத்தின் உச்சத்தில் இருந்தவர்களும் மறுமையைக் கூலியாகக் கேட்கவில்லை. சேக்கிழார் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, அன்பினால் கும்பிடுவதைத் தவிர வீடுபேறும் வேண்டாதவர்கள் என்கிறார். சூஃபி ஞானி ராபியா ஒரு கையில் தீயும் ஒரு கையில் தண்ணீருமாகப் போய், சொர்க்கத்தைக் கொளுத்தவும் நரகத்தை அணைக்கவும் போகிறேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆசைக்காகவும் பயத்துக்காகவும் இல்லாமல் இறைவனை இறைவனுக்காகவே நேசிக்க வேண்டுமாம். ஆய் அண்டிரனுக்கும் இவர்களுக்கும் நம்பிக்கையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம், கூலி கேட்காத இடத்தில் மூவரும் அக்கம்பக்கம்.

ஒரு எதிர்வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2014இல் ஷிகேஹிரோ ஒய்ஷி, எட் டீனர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 132 நாடுகளின் கருத்தாய்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வாழ்க்கையில் திருப்தி என்று கேட்டால் பணக்கார நாடுகள் முன்னால் நிற்கின்றன. வாழ்க்கைக்கு முக்கியமான நோக்கமோ அர்த்தமோ இருக்கிறதா என்று கேட்டால் ஏழை நாடுகளில் 'ஆம்' என்பவர்கள் அதிகம், அதற்குச் சமயப்பற்றோடு தொடர்பு இருந்தது. நம்மைப் போன்ற ஒரு பணக்கார ஊர் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். என் புரிதல் இது: சமயம் கொடுப்பது மறுமையை மட்டும் இல்லை. வாராவாரம் பார்க்கும் முகங்கள், நோய் வந்தால் வந்து நிற்கும் ஆட்கள், குழந்தைக்குச் சொல்ல ஒரு கதை, இன்று என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு கடமை, எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நம்பிக்கையை விடுகிறவர் பல நேரம் இவை அத்தனையையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்து, வாழ்வுக்கு அர்த்தமில்லை என்கிறார். அர்த்தம் போனது மறுமை போனதால் இல்லை, மனிதர்கள் போனதால். அதனால் தம்பி, மனிதர்களை விடாதீர்கள். கோயில் அன்னதான அடுப்படியில் காய் நறுக்க நம்பிக்கைச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. நூலக வாசகர் வட்டம், சமூக மன்றம், முதியோருக்கு உணவு கொண்டுபோகும் குழு என்று எத்தனையோ இருக்கின்றன. 2010இல் தொடங்கிய மனிதநேயச் சங்கம் போன்ற, சமயம் சாராதவர்களுக்கான அமைப்பும் இங்கே உண்டு.

இன்னொன்றையும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 'எல்லாம் வீண்' என்ற எண்ணத்தோடு தூக்கமும் பசியும் போய்விட்டதா? வேலையில் மனம் நிற்கவில்லையா? அப்படியென்றால் அதைத் தத்துவக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் 24 மணி நேரமும் எடுப்பார்கள். துக்கம் உள்ளே இருக்கும்போது மூளை தத்துவம் மாதிரியே பேசும்.

அடுத்து, திதி. கொடுங்கள். அம்மாவுக்காகக் கொடுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. சடங்கு போனவருக்குச் செய்கிறதா என்பது நம்பிக்கை சார்ந்தது, இருப்பவருக்குச் செய்கிறது என்பது கண்ணால் பார்க்கக்கூடியது. அம்மா தன் துக்கத்தை நாள் குறித்து வெளியே வைக்க அது ஓர் இடம். உங்கள் பக்கத்திலிருந்தும் அதற்கு ஒரு பயன் உண்டு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் இங்கே பல பேர் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போதே ஊருக்குக் கூப்பிட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நாளில் சொல்ல ஆள் இருக்காது. உங்கள் நம்பிக்கை பற்றி அம்மாவிடம் என்றாவது உண்மையைப் பேசலாம், ஆனால் திதி அன்று வேண்டாம். 'நீ நம்புகிறாய்தானே?' என்று அவரே நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். 'எனக்குத் தெரியலைம்மா, ஆனா அப்பாவுக்காக உங்களோட நிக்கிறேன்' என்றால் போதும்.

உங்கள் சொந்த முடிவைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, எதிர்ப்புப் பதிவு செய்யாத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள், நிரந்தரவாசிகளின் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவற்றை இறப்புக்குப் பின் எடுக்கலாம். முழு உடலையும் மருத்துவக் கல்விக்குக் கொடுப்பதென்றால் அது தானாக நடக்காது, தனியாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு 18 வயது போதும். அப்படிக் கொடுத்தவர்களை இங்குள்ள மருத்துவ மாணவர்கள் பேசாத ஆசான்களாக வைத்து மரியாதை செய்கிறார்கள். குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், துக்க வீட்டில் இது புதுச்செய்தியாக இருக்கக்கூடாது. யாரென்றே தெரியாத ஒருவர் கண் திறக்கக் கருவிழி கொடுப்பதில் மறுமையும் இல்லை, புகழும் இல்லை. ஆய் அண்டிரன் வழியில் நம்மால் போகக்கூடிய தூரம் இது என்று நான் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக, மகள். ஆறு வயதில் பிள்ளைகளுக்குச் சாவு நிரந்தரம் என்பது அப்போதுதான் பிடிபட ஆரம்பிக்கும், அதனால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். 'தாத்தா தூங்குகிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள், சில பிள்ளைகளுக்கு அப்புறம் தூங்கவே பயம் வந்துவிடும். 'வெளியூர் போயிருக்கிறார்' என்றும் வேண்டாம், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அவருக்கு வலி இல்லை என்று சொல்லுங்கள். பாட்டி அவர் சாமிகிட்ட இருக்காருன்னு நம்புறாங்க, அப்பாவுக்கு அது தெரியலை, நீ பெரியவளானதும் நீயே யோசிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளியில் மலாய்த் தோழி ஒன்று சொல்வாள், சீனத் தோழி ஒன்று சொல்வாள், யாரையும் தப்பு என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். தாத்தா அவளுக்கு என்னவெல்லாம் செய்தார் என்று அவளையே சொல்ல வைத்து, வேண்டுமானால் வரைய வையுங்கள். சீக்கிரமே "அப்பா, நீங்களும் செத்துப் போவீங்களா?" என்று வரும். இல்லை என்று சொல்லிவிடத் தோன்றும், சொல்லாதீர்கள். ஆமாம், ஆனால் ரொம்ப நாள் இருப்பேன் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருப்பார்கள் என்று அம்மா, பாட்டி, அத்தை, சித்தப்பா என ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள். அவள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.